மிளகாய்ச் சாற்றில் ஓடிய வெளிச்சம்

தர்மிளா: கதவை வடிவாச் சாத்துங்கோ. கீழால வெளிச்சம் வருது.

அனோஜன்: கீழயும் சாக்குப் போட்டு அடைச்சாச்சு. யன்னலும் அடைச்சாச்சு. நெல்லு மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில என்னையும் அடைச்சாச்சு. இனி என்ன?

தர்மிளா: இனி வாயை.

அனோஜன்: தர்மி, நாலு மணிக்குக் கூட்டம். மாமா வேட்டி மாத்தி, திருநீறு பூசி, முற்றத்தில அங்கயும் இஞ்சயும் நடக்கிறார். விவசாயிகளின்ர கமக்கார அமைப்புத் தலைவர் பிந்திப் போகக்கூடாதாம்.

தர்மிளா: அப்பா நடக்கட்டும். அதுக்கு முன்னம் நீங்கள் இதைப் பாக்கோணும். கூட்டம் முடிஞ்சாப் பிறகு பாத்துப் பிரயோசனமில்லை.

அனோஜன்: கூட்டத்துக்கும் இந்த இருட்டறைக்கும் என்ன...

தர்மிளா: பாருங்கோவன். இந்தத் தாளைப் பிடியுங்கோ.

அனோஜன்: இது எங்கட உடைஞ்ச ரிவித் திரையில உரிச்ச தாளெல்லே? அதைத் திருத்துவமெண்டு வைச்சிருந்தனான்.

தர்மிளா: கலியாணம் கட்டின நாள் தொட்டு வைச்சிருந்தனீங்கள். தாளுக்குப் பின்னால ரோச் லைற் அடிக்கிறன். தெரியுதோ?

அனோஜன்: தெரியுது. கறுப்புக் கண்ணாடி போட்ட மாதிரி.

தர்மிளா: மற்றத் தாளை அதுக்கு மேல வைச்சு ஆறுதலாத் திருப்புங்கோ.

அனோஜன்: மங்குது... இன்னும் மங்குது... ரோச் நூந்து, அணைஞ்சே போச்சு.

தர்மிளா: நூரேல்லை. பக்கத்தால எட்டிப் பாருங்கோ.

அனோஜன்: எரியுது. தாளுக்குள்ளால பாத்தா இருட்டு... பக்கத்தால பாத்தா எரியுது. உதென்ன வேலை?

தர்மிளா: ஒரு தாள் ஒரு பக்கமா ஆடுற வெளிச்சத்தைத்தான் விடும். மற்றதைக் குறுக்கா வைச்சா, அது அந்த வெளிச்சத்தை மறிச்சுப்போடும். இப்ப ரெண்டுக்கும் நடுவில இந்தப் போத்தலை வைக்கிறன். ஆட்டாதேங்கோ.

அனோஜன்: என்ன, கஞ்சித் தண்ணியோ?

தர்மிளா: வைக்கல். எங்கட வயல் வைக்கல்தான். லாப்பில, எங்கட ஆய்வுகூடத்தில, அதை அமிலத்தில அவிச்சு, கழுவிக் கழுவி எடுத்தா, கடைசியில சின்னச் சின்னக் குச்சியள் மிஞ்சும். ஒரு தலைமயிரின்ர தடிப்புக்குக் குறுக்கா ஆயிரக்கணக்கில அடுக்கலாம். அந்தக் குச்சி தண்ணிக்குள்ள எப்பிடி ஓடுது, ஓடேக்கை தண்ணி தடிக்குதோ இளகுதோ எண்டு அளக்கிறதுதான் என்ர வேலை. நீங்கள்தான் ஒருநாளும் கேக்கிறேல்லை.

அனோஜன்: கேட்டா நீர் இப்பிடி அறைக்குள்ள பூட்டி வைப்பீர் எண்டு ஆருக்குத் தெரியும்... இருட்டாத்தான் கிடக்கு.

தர்மிளா: இருட்டுத்தான். இப்ப போத்தலைக் கொஞ்சம் சரியுங்கோ.

அனோஜன்: சரிச்சாச்சு... உதென்ன?

தர்மிளா: என்ன?

அனோஜன்: பொறும்.

தர்மிளா: சொல்லுங்கோ, என்ன தெரியுது?

அனோஜன்: பொறும் எண்டுறன்... வெளிச்சம் ஓடுது தர்மி. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம் வெளிச்சமும்... பால் ஊத்தின மாதிரி. ஓரத்தில நீலமும் கிடக்கு. நிண்டிட்டுது. திரும்ப இருட்டு.

தர்மிளா: திரும்பச் சரியுங்கோ.

அனோஜன்: திரும்ப வருது. உதுக்குள்ள என்ன மருந்து போட்டனீர்?

தர்மிளா: தண்ணியும் வைக்கலும்தான். இந்தாங்கோ ஈர்க்கு. அதை விட்டு ஒருக்காக் கீறுங்கோ.

அனோஜன்: ஈர்க்குக்குப் பின்னால வால் மாதிரி வருது. பூநகரிக் களப்பில இருட்டில தோணி போகேக்கை தண்ணி மினுங்குமே... அப்பிடி. ஆனா அது கடல். இது ஒரு மருந்துப் போத்தல்.

தர்மிளா: நானும் முதன்முதல் பாத்த அண்டைக்கு இப்பிடித்தான், சாப்பிடவும் மறந்து நிண்டனான்.

அனோஜன்: ஏன் வருது?

தர்மிளா: தண்ணி சும்மா நிக்கேக்கை அந்தக் குச்சியள் ஒண்டுக்கொண்டு ஏறுமாறாக் கிடக்கும். ஓடத் தொடங்கினா எல்லாம்...

அனோஜன்: இரும், இரும். நான் சொல்லுறன். வாய்க்கால்ல வைக்கல் துண்டு கிடக்கிற மாதிரி. தண்ணி நிண்டா அது குறுக்கையும் நெடுக்கையும் கிடக்கும். இரணைமடுக் குளத்தில கதவு திறந்து தண்ணி வந்தால் எல்லாத் துண்டும் தண்ணி போற பக்கம் நீட்டிக்கொண்டு போகும்.

தர்மிளா: அதேதான். உங்களை லாப்புக்கு எடுத்திருக்கலாம். எல்லாம் ஒரு பக்கம் திரும்பினோடன, மறிபட்ட வெளிச்சத்தை அதுகள் கொஞ்சம் முறுக்கிவிடும். முறுக்குப்பட்டது ரெண்டாந்தாளுக்குள்ளால வெளிய வருது.

அனோஜன்: நிண்டோடன ஏன் நூருது? ஆர் திரும்பக் குழப்பினது?

தர்மிளா: தண்ணிதான். தண்ணி சும்மா நிக்கிற மாதிரித்தான் எங்களுக்குத் தெரியும். உள்ளுக்க அதின்ர துணுக்கையள் ஓயாமல் இடிச்சுக்கொண்டே இருக்கும். அந்த இடியில குச்சியள் தங்கட தங்கட பாட்டில திரும்பிவிடும்.

அனோஜன்: இந்தப் போத்தலுக்குள்ள... இப்பவும்?

தர்மிளா: இப்பவும். உங்கட செம்புத் தண்ணிக்குள்ளயும், இரணைமடுக் குளத்துக்குள்ளயும்.

அனோஜன்: இவ்வளவு நாளும் நான் தண்ணி இறைச்சனான் எண்டு சொல்லவே வெக்கமாக் கிடக்கு.

தர்மிளா: இன்னும் கிடக்கு. ஈர்க்கால ஆறுதலாக் கிண்டுங்கோ. இறுக்கமெல்லே? இப்ப கெதியாக் கிண்டுங்கோ.

அனோஜன்: இளகுது. கெதியாக் கிண்டக் கிண்டத் தண்ணியாப் போகுது... விட்டா திரும்பத் தடிக்குது. பள்ளிக்கூடத்தில பாகுத்தன்மை எண்டு சொல்லித் தந்தவை. தேனுக்கு ஒண்டு, எண்ணெய்க்கு ஒண்டு. அது இப்பிடி மாறுமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.

தர்மிளா: ஏறுமாறாக் கிடந்தா ஒண்டோட ஒண்டு கொழுவும், அதால இறுக்கம். ஒரே பக்கம் பாத்தா உரசல் இல்லை, வழுக்கிக்கொண்டு போயிடும்.

அனோஜன்: மாமான்ர கூட்டம் மாதிரி.

தர்மிளா: எப்பிடி?

அனோஜன்: வந்து இருக்கேக்கை ஆளாளுக்கு ஒரு கதை. மாமா எழும்பிக் கதைக்கத் தொடங்கினால் எல்லாத் தலையும் ஒரே பக்கம். பேந்து அவர் சொன்னதுதான். இண்டைக்கும் பாருமன், சிற்றம்பலத்தாரின்ர நாத்து மேடையை மூடச்சொல்லித் தீர்மானம் எடுக்க அரை மணித்தியாலம் கூடத் தேவைப்படாது.

தர்மிளா: அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டனான்.

அனோஜன்: எதுக்கு?

தர்மிளா: சிற்றம்பலத்தார் நோய் பிடிச்ச மிளகாய்க்கண்டு வித்தவர் எண்டுதானே அப்பா சொல்லுறார்? அந்தக் குடும்பத்துக்கு அந்த மேடையை விட்டா வேறை ஒண்டும் இல்லை. மூடினா அவர் எங்க போறது?

அனோஜன்: எங்கட தோட்டம் முழுக்கப் போயிட்டுதே தர்மி. இலையெல்லாம் பச்சையும் மஞ்சளுமாத் தேமல் விழுந்து, நெளிஞ்சு... கண்டு அவரின்ர மேடையில வாங்கினது. வேறை ஆரைச் சொல்லுறது?

தர்மிளா: இந்தப் போத்தலைப் பாருங்கோ. அக்கராயனில இலட்சுமி அக்கான்ர மிளகாய் இலை. அரைச்சுப் பிழிஞ்சு, லாப்பில மெசினில சுத்தித் தெளிய வைச்ச சாறு. அவவும் அதே கிழமை, அதே சிற்றம்பலத்தாரின்ர மேடையிலதான் கண்டு வாங்கினவா.

அனோஜன்: சரிக்கிறன்... ஒண்டுமில்லை. இருட்டு.

தர்மிளா: ஆட்டுங்கோ.

அனோஜன்: ஆட்டினாலும் இருட்டுத்தான்.

தர்மிளா: இது எங்கட தோட்டத்து இலையின்ர சாறு.

அனோஜன்: ...தர்மி.

தர்மிளா: ம்.

அனோஜன்: இது ஓடுது. வைக்கலை மாதிரியே ஓடுது. மிளகாய் இலைக்குள்ள குச்சி எங்கயால?

தர்மிளா: அதுதான் நோய். அந்தத் தேமலைக் கொண்டுவாற கிருமி தடி மாதிரி இருக்கும். நேரான, எல்லாம் ஒரே அளவான தடி. ஒரு இலைக்குள்ள அது கோடிக்கணக்கில பெருகும். ஓடவிட்டா வைக்கல் குச்சி செய்யிற வேலையைத்தான் அதுவும் செய்யும்.

அனோஜன்: என்ர தோட்டத்தை அழிச்சது இவ்வளவு வடிவோ?

தர்மிளா: எனக்கும் அதுதான். கோபப்படுறதோ கும்பிடுறதோ எண்டு தெரியேல்லை.

அனோஜன்: இலட்சுமி அக்கான்ரயில இல்லை. எங்கடயில கிடக்கு. அப்ப மேடையில இருந்து வரேல்லை... பூச்சி கொண்டுவந்திருக்கும். குருமன் மாதிரி.

தர்மிளா: குருமன் வேறை. அது இலை சுருளுறது, பூச்சியால வாறது. இது பூச்சியால வாறேல்லை. கையால வாறது.

அனோஜன்: கையாலயோ?

தர்மிளா: கையில அந்தக் கிருமி இருந்து, அந்தக் கையால கண்டைத் தொட்டு ஊண்டினால் போதும். பக்கத்து ஏரம்பு அண்ணையின்ர தோட்டத்திலயும் வந்ததெல்லே, எந்த மூலையில வந்தது?

அனோஜன்: வாய்க்கால் கரையில. அந்த ரெண்டு பாத்தியும்தான்.

தர்மிளா: அந்த ரெண்டு பாத்தியும் ஆர் ஊண்டினது?

அனோஜன்: ...அவருக்கு முட்டுக்கால் நோ எண்டு...

தர்மிளா: ஆர் போய் ஊண்டிக் குடுத்தது?

அனோஜன்: நானும் போனனான்.

தர்மிளா: நீங்கள் அண்டைக்கு வவுனியாவில நிண்டனீங்கள். சரி, விடுங்கோ. இந்தக் கடைசிப் போத்தலைப் பாருங்கோ.

அனோஜன்: ஓடுது. இதுவும் எங்கட தோட்டமே?

தர்மிளா: இல்லை. குசினி யன்னல்ல யோகட் கப்புக்குள்ள நிண்டுதே ஒரு கண்டு. போன வருசம் நாங்கள் எடுத்து வைச்ச விதை. சிற்றம்பலத்தாரும் தொடேல்லை, தோட்டத்து மண்ணும் படேல்லை. அதுக்கு நான் ஒரு சாமானைத் தண்ணியில ஊறவைச்சு, அந்தத் தண்ணியை இலையில தடவினனான். ரெண்டு கிழமையால தேமல் வந்தது.

அனோஜன்: என்ன சாமான்?

தர்மிளா: நீங்கள் சொல்லுங்கோ.

அனோஜன்: எனக்கு என்ன தெரியும்...

தர்மிளா: அந்தத் தடி புகையிலையில இருக்கும். புகையிலையைக் காயவைச்சு, பாடம் பண்ணி, சுருட்டாச் சுத்தினாலும் சாகாது. வருசக்கணக்கில கிடக்கும். சுருட்டுப் பத்தின கையால கண்டைத் தொட்டால் எழும்பிவிடும்.

அனோஜன்: சாக்கு விலகிக் கிடக்கு. அடைச்சுப்போட்டு வாறன்.

தர்மிளா: இப்பவும் தெரியாதோ?

அனோஜன்: தர்மி. ஒரு கதை சொல்லோணும். பேசாதேயும். நான்... தோட்டத்தில நிக்கேக்கை... இடைக்கிடை ஒரு சுருட்டுப் பத்தினனான்.

தர்மிளா: நீங்கள்.

அனோஜன்: ஓம்.

தர்மிளா: சாம்பிராணிப் புகைக்கே இருமுற ஆள் நீங்கள்.

அனோஜன்: பழகினா வரும்தானே.

தர்மிளா: சிரிப்புக் காட்டாதேங்கோ. உங்களுக்கு எப்ப தெரியும்?

அனோஜன்: என்ன எப்ப...

தர்மிளா: அப்பா பத்துறது.

அனோஜன்: ...உமக்குத் தெரியுமோ?

தர்மிளா: பம்ப் கொட்டில் கூரையில ஜாம் போத்தலுக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறார். அதில ஒண்டை எடுத்துத்தான் ஊறவைச்சனான். நீங்கள் எப்பிடி?

அனோஜன்: எப்பிடியெண்டா... கிளிநொச்சிச் சந்தையில வாங்கிக் குடுக்கிறதே நான்தான்.

தர்மிளா: என்ன?

அனோஜன்: பேசும். நல்லாப் பேசும். ஆனா கேளும். மாமி செத்தாப் பிறகு அந்த மனிசன் கதிரையை விட்டு எழும்பேல்லை, உமக்குத் தெரியும். சாப்பாடு வைச்சா வைச்ச மாதிரிக் கிடக்கும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, தம்பி, ஒரேயொரு சுருட்டு வாங்கித் தருவீரோ எண்டு கேட்டார். சின்னப்பிள்ளை மாதிரி. எனக்கு மறுக்க ஏலேல்லை.

தர்மிளா: நெஞ்சுக்குள்ள ஸ்ரென்ட் வைச்ச ஆளுக்கு. என்ர தலையில கை வைச்சுச் சத்தியம் பண்ணினவர் அவர், இனித் தொடமாட்டன் எண்டு.

அனோஜன்: அதுதான் உமக்குச் சொல்லேல்லை. நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?

தர்மிளா: சொன்னா நீங்கள் அவரை மதிக்காமல் விட்டிடுவீங்களோ எண்டு பயம். அவரிட்டையும் கேக்கேல்லை. அந்த மிளகாய்க்கண்டு வந்தாப் பிறகுதான் அவர் திரும்ப மனிசரானவர். காலமை எழும்பி, ஒவ்வொரு கண்டையும் தன்ர கையால ஊண்டி, தண்ணி விட்டு... அம்மான்ர பேர் சொல்லிக் கதைச்சதும் அந்தத் தோட்டத்துக்குள்ளதான். அந்தக் கைதான் அதுகளைக் கொண்டது எண்டு அவருக்கு நான் எந்த வாயால சொல்லுறது?

அனோஜன்: சொல்லாட்டிச் சிற்றம்பலத்தார்...

தர்மிளா: அதுதான் நித்திரையில்லை எனக்கு. நீங்கள் ஒரு வழி சொல்லுங்கோ.

அனோஜன்: கூட்டத்தில நான் எழும்பிச் சொல்லுறன். பூச்சியெண்டு. மேடையில பிழையில்லை, இலட்சுமி அக்கான்ர கண்டு நல்லாத்தான் நிக்குது, இது காத்தில வந்த பூச்சியெண்டு.

தர்மிளா: அப்பா விடுவாரோ?

அனோஜன்: நீர் படிச்ச ஆள். நீரும் பூச்சியெண்டு சொன்னால்...

தர்மிளா: இந்தப் போத்தலைக் கையில வைச்சுக்கொண்டு நான் பூச்சியெண்டு சொல்லோணுமோ?

வீரகத்தி: உள்ளுக்க ஆர்? பட்டப்பகலில புருசனும் பெஞ்சாதியும் கதவைச் சாத்திக்கொண்டு... நான் வேணுமெண்டா ரோட்டில போய் நிக்கட்டோ?

அனோஜன்: ஐயோ மாமா, அப்பிடியொண்டும் இல்லை.

தர்மிளா: அந்தக் கடைசிப் போத்தலை மறையுங்கோ. கெதியா.

வீரகத்தி: இதென்ன பிள்ளை, சாக்குக் கட்டி இருட்டாக்கி... படம் காட்டுறியோ?

தர்மிளா: லாப் வேலை அப்பா. இவருக்குச் சும்மா காட்டினனான்.

வீரகத்தி: எனக்குக் காட்டக்கூடாதோ? நேரம் கிடக்கு.

தர்மிளா: கதவைச் சாத்திப்போட்டு வாங்கோ. இந்தத் தாளுக்குள்ளால பாருங்கோ. இது வைக்கலில எடுத்தது. சரியுங்கோ.

வீரகத்தி: சரிக்கிறன்... அட.

அனோஜன்: மாமா?

வீரகத்தி: பேசாமல் நில்லும் தம்பி.

அனோஜன்: எனக்கும் இப்பிடித்தான்...

வீரகத்தி: வைக்கலோ இது? நாங்கள் மாட்டுக்குப் போடுற வைக்கலோ?

தர்மிளா: ஓம் அப்பா. அதுக்குள்ள இருக்கிற குச்சியள். ஓடேக்கை ஒரு பக்கம் திரும்புது, அதால வெளிச்சம் வருது. கிண்டினால் இளகும், விட்டால் தடிக்கும்.

வீரகத்தி: இவ்வளவு காலம் சூடடிச்சு, போர் வைச்சு, எரிச்சும்விட்டனான். உள்ளுக்க இப்பிடியொண்டு கிடந்தது தெரியாமல். கையெடுத்துக் கும்பிடோணும் போல கிடக்கு பிள்ளை. கொம்மா இருந்து பாத்திருக்கோணும்.

தர்மிளா: ஓம் அப்பா.

வீரகத்தி: மற்றப் போத்தல் என்ன, பச்சையாக் கிடக்கு?

தர்மிளா: அது... மிளகாய் இலைச்சாறு. இலட்சுமி அக்கான்ர.

வீரகத்தி: அக்கராயன் இலட்சுமியோ? தா... ஒண்டும் ஓடேல்லை.

அனோஜன்: அதில ஓடாது மாமா. கூட்டத்துக்கு நேரம்...

வீரகத்தி: அங்கால கிடக்கிறது?

தர்மிளா: எங்கட.

வீரகத்தி: தா.

தர்மிளா: அப்பா, பிந்திப்போடும்.

வீரகத்தி: தா பிள்ளை... இதில ஓடுது. நோய் கிடக்கிறதால ஓடுதோ?

தர்மிளா: ஓம். அந்த நோய்க்கிருமி தடி மாதிரி. அதுதான்.

வீரகத்தி: நோயை நான் கண்ணால பாக்கிறன். உயிரோ இது?

தர்மிளா: உயிரெண்டும் சொல்லேலாது, இல்லையெண்டும் சொல்லேலாது.

வீரகத்தி: இலட்சுமியும் சிற்றம்பலத்தின்ர மேடையிலதானே கண்டெடுத்தவள்? நானெல்லே கண்டுப் பெட்டியைச் சைக்கிள்ல கட்டிவிட்டனான்.

அனோஜன்: ஓம் மாமா.

வீரகத்தி: அவளின்ரயில இல்லை. அப்ப மேடையில இருந்து வரேல்லை.

அனோஜன்: பூச்சி மாமா. வெள்ளைப் பூச்சி. இந்த முறை காத்தில நல்லா வந்தது. அதைத்தான் கூட்டத்தில சொல்லுவம் எண்டு நாங்கள் கதைச்சுக்கொண்டு...

வீரகத்தி: பூச்சியெண்டால் குருமன் வரும். எனக்குத் தெரியாதோ? உமக்குப் பின்னால என்ன வைச்சிருக்கிறீர்?

அனோஜன்: ஒண்டுமில்லை.

வீரகத்தி: ஒண்டுமில்லாததை ஏன் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்?

தர்மிளா: குடுங்கோ. அவர் கேட்டால் விடமாட்டார்.

வீரகத்தி: இதுவும் ஓடுது. இது ஆரின்ர கண்டு?

தர்மிளா: குசினி யன்னல்ல நிண்டது.

வீரகத்தி: அது எங்கட சொந்த விதையெல்லே. அதுக்கு எப்பிடி வந்தது?

தர்மிளா: கூட்டத்துக்கு நேரம் போகுது அப்பா. போத்தலைத் தாங்கோ.

வீரகத்தி: என்னத்தைத் தடவினனி பிள்ளை?

தர்மிளா: ஒண்டுமில்லை அப்பா.

வீரகத்தி: வடிவாத்தான் ஓடுது... நான் ஒரு கேள்வி கேக்கிறன். காஞ்ச இலையிலயும் இது கிடக்குமோ? காயவைச்சுச் சுத்தின இலையில?

அனோஜன்: மாமா, அது என்ர பிழை. தோட்டத்துக்குள்ள நான்தான் சுருட்டு...

வீரகத்தி: நீர் சாம்பிராணிப் புகைக்கே இருமுறனீர் தம்பி.

தர்மிளா: அப்பா, விடுங்கோ. கூட்டத்தை இன்னொரு நாளைக்கு வைப்பம். நெஞ்சு நோகுதெண்டு சொல்லுவம். இவர் போய்ச் சொல்லட்டும்.

வீரகத்தி: கிடக்குமோ கிடக்காதோ, அதைச் சொல்லு.

தர்மிளா: ...கிடக்கும்.

வீரகத்தி: கையால போகுமோ?

தர்மிளா: ஓம்.

வீரகத்தி: கை கழுவினாலும் போகாதோ?

தர்மிளா: சும்மா தண்ணியில லேசில போகாது. பாலில கழுவோணும். பால் பட்டால் அது ஒட்டாது. கண்டு ஊண்டமுன்னம் பாலில கை நனைக்கிற ஆக்கள் இருக்கினம்.

வீரகத்தி: பாலில... ஏரம்புவின்ர அந்த ரெண்டு பாத்தியும் நான்தான்.

அனோஜன்: மாமா, இதில இருங்கோ. மூட்டையில இருங்கோ.

வீரகத்தி: எனக்கு ஒண்டுமில்லை. இன்னொருக்கா ரோச்சைப் பிடி பிள்ளை. இன்னொருக்காப் பாக்கோணும்... என்ர கையில கிடந்தது இது. இவ்வளவும் என்ர கையில கிடந்தது, எனக்குத் தெரியேல்லை.

தர்மிளா: தெரிஞ்சு செய்தனீங்களே அப்பா? ஒரு கண்டு சரிஞ்சால் மண் அணைச்சு நிமித்திவிட்ட கை அது.

வீரகத்தி: சிற்றம்பலமும் அப்பிடித்தானே மேடைக்கு முன்னால குந்திக்கொண்டிருக்கிறவன். போன கிழமை கடையில வைச்சு, எல்லாருக்கும் முன்னால அவனைக் கள்ளன் எண்டு சொன்னனான். அவன் ஒண்டும் கதைக்கேல்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்.

அனோஜன்: ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை மாமா. பூச்சியெண்டு சொன்னால் முடிஞ்சுது. சிற்றம்பலத்தாரும் தப்புவார்.

வீரகத்தி: அப்பவும் எல்லாரின்ர வாயிலயும் அந்தக் கள்ளன் எண்ட சொல்லு கிடக்கும். நான் கிண்டினதால எல்லாரும் ஒரு பக்கம் திரும்பி நிக்கினம் தம்பி. நான்தான் கையை எடுக்கோணும். எடுத்தால் அவையவை தங்கட புத்தியில திரும்புவினம். இந்தப் போத்தலில அப்பிடித்தானே நடந்தது?

தர்மிளா: அப்பா, அவ்வளவு சனத்துக்கு முன்னால...

வீரகத்தி: ரிவித் தாளையும் ரோச்சையும் எடுத்து வை. நாலு போத்தலையும் ஆடாமல் ஒரு பையில வை. சிற்றம்பலத்துக்குத்தான் முதல் காட்டோணும். அவன் இப்பிடியொண்டை இந்தப் பிறப்பில பாத்திருக்கமாட்டான்.

அனோஜன்: நான் மோட்டச்சைக்கிளை எடுக்கிறன் மாமா.

தர்மிளா: அப்பா... என்ன பாக்கிறீங்கள்? நான் அழேல்லை. புழுதி. நெல்லுப் புழுதி.

வீரகத்தி: அழாத. பம்ப் கொட்டில் கூரையில ஜாம் போத்தல் கிடக்கு, அதையும் கொண்டு வா, கூட்டத்தில வைக்கோணும். நீ அதில ஒண்டை எடுத்த அண்டே எனக்குத் தெரியும் பிள்ளை. நான் மூடியைச் சும்மா வைக்கிறனான். அண்டைக்கு அது இறுக்கிப் பூட்டிக்கிடந்தது, கொம்மா பூட்டுற மாதிரி. நீ வந்து பேசுவாய் எண்டு ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான். நீயும் பேசேல்லை, நானும் சுருட்டை விடேல்லை. போ, அதுக்கு முன்னம் ஒரு சட்டியில பால் கொண்டு வந்து தா. சிற்றம்பலத்தின்ர கையைப் பிடிக்கமுன்னம் நான் கை கழுவோணும்.